ஏற்காட்டு மூடுபனியில் ஒரு கொலை: சூழல் பேசும் மர்ம நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

பழைய துறைமுக ஊர், பூட்டிக் கிடக்கும் விடுதி, உப்புக்காற்றில் துருவேறிய கம்பிகள், விடியற்காலையில் கரையொதுங்கும் ஓர் உடல். மர்ம நாவல் வாசிப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய காட்சி இது. ஆனாலும் அலுப்பதில்லை. அதற்குக் கடல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலத்தில் பணம் புழங்கிய இடம் காலியாகிக் கிடக்கிறது, அந்தக் காலத்துக் கணக்குகள் இன்னும் தீரவில்லை, ஊரைவிட்டு வெளியேற ஒன்றிரண்டு வழிகளே உண்டு. வாசகரைப் பிடித்து வைப்பவை இவைதான். இவை மூன்றும் சேலத்துக்கு மேலே, சேர்வராயன் மலையிலிருக்கும் ஏற்காட்டிலும் கிடைக்கின்றன.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கொள்கையைப் பிடித்துக்கொண்டு போகிறது. இடம் எதனால் சிதைந்ததோ, அதிலிருந்தே கொலைக்கான காரணமும் முளைக்க வேண்டும். பனியும் ஈரமும் வெறும் அலங்காரமாக நிற்காமல் தடயங்களாக மாற வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் மற்ற படிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும்.

முதல் படி: சிதைவின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

பிணத்தை யோசிப்பதற்கு முன்னால் இடத்தின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதிவிடுங்கள். ஏற்காடு பாழடைந்த ஊர் கிடையாது. சனி, ஞாயிறில் ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். அதனால் ஊர் முழுவதையும் பாழாகக் காட்டினால் சேலத்துக்காரர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். உங்களுக்கு வேண்டியது ஒரு மூலை. ஒண்டிக்கடையைத் தாண்டி நாகலூர் பக்கமோ வாழவந்தி பக்கமோ உள்ளே போகும் ஒரு காப்பி எஸ்டேட், அதன் நடுவே ஓடு சரிந்த பங்களா, நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, மாதம் டிசம்பர். அந்த மூலை ஏன் அப்படி ஆனது என்பதுதான் கேள்வி.

பதில் சொல்ல வரலாறு தாராளமாகக் கைகொடுக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னால் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பங்களா கட்டினார்கள். அவர்கள் போனதும் தோட்டங்கள் கைமாறின. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின்கீழ் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கான பணம் தவணை தவணையாக வந்தது. 1990களில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விவசாயி தன் காப்பியை முழுக்கத் தானே விற்கலாம் என்று ஆனது. நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களை 2000களின் தொடக்கத்தில் உலகச் சந்தையின் விலைச் சரிவு அடித்தது. இன்னொரு பக்கம் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். காப்பிச் செடிக்கு உள்ளேயே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு இருக்கிறது. அராபிகா வகைக் காப்பித் தோட்டத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் போட்டால் நாவல் மாவட்டக் கையேடாகிவிடும். என் உதாரணத்துக்கு வாரியக் காலத்தை எடுத்துக்கொள்கிறேன். 1980களில் எஸ்டேட் முதலாளியான அப்பா கணக்கில் காட்டாமல் ஒரு பங்கு காப்பியை வெளியே விற்றார். அந்தப் பணத்தில் ஒரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு, அவருக்குக் கொடுக்கவில்லை. இப்போது மூன்று பிள்ளைகளும் எஸ்டேட்டை ரிசார்ட்டுக்கு விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விற்பனைக்குமுன் பழைய பேரேடுகள் வெளியே வருகின்றன. கொலைக்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வரைபடமும் பருவக் கணக்கும்

ஒரு முழுத்தாளில் வரைபடம் போடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது. “அந்த நேரத்தில் நான் சேலத்தில் இருந்தேன்” என்று ஒருவர் சொல்வதை உடைக்க அந்த இரண்டாவது பாதை போதும். போலீஸ் அடிவாரச் சோதனைச் சாவடியின் கேமராவைப் பார்க்கிறது, குற்றவாளியோ குப்பனூர் வழியில் இறங்கியிருக்கிறார். ஆனால் அனுபவப்பட்ட வாசகர் இதை உடனே ஊகித்துவிடுவார். ஆகவே இதைப் பொய்த் தடயமாக வைப்பதே மேல் என்பது என் கருத்து. குப்பனூர் பாதையில் போனவர் வேறு காரணத்துக்காகப் போயிருக்கட்டும்.

இரண்டு பாதையையும் அடைக்க வேண்டுமா? மழையை வரச் சொல்லுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அகதா கிறிஸ்டியின் தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேர் கதைக்கு இணையான சிறை நமக்கும் உண்டு, அதுவும் நம்பும்படியாக.

பருவக் கணக்கு இன்னும் முக்கியம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பிச் செடிகள் மொத்தமாகப் பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் வாசனை, வெள்ளை வெளேரென்று மலைச்சரிவு, ஓரிரு நாள்தான், பிறகு வாடிவிடும். மே மாதம் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா, கூட்டம். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. நவம்பர், டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை பழம் எடுப்பு. கொலையை எந்த மாதத்தில் வைக்கிறீர்களோ அந்த மாதத்தின் வேலைகள் முழுவதும் உங்கள் கதைக்குள் வந்தாக வேண்டும். டிசம்பரில் எஸ்டேட்டுக்குள் ஆளே இல்லை என்று எழுத முடியாது. பழம் பறிக்க ஆட்கள் இருப்பார்கள்.

மூன்றாம் படி: கொலையைப் பின்னிருந்து கட்டுங்கள்

மர்ம நாவலுக்கு இரண்டு கதைகள் உண்டு. ஒன்று உண்மையில் நடந்தது. மற்றது வாசகருக்குத் தெரியவருவது. முதலாவதை மணிக்கணக்கோடு முழுதாக எழுதி முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதீர்கள். ஒரு தாளை நீளவாக்கில் பிரித்து, ஒவ்வொரு பாத்திரமும் மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை எட்டு வரை எங்கே இருந்தார், என்ன பார்த்தார், என்ன பொய் சொல்வார் என்று எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பின்னால் வரும் ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்தத் தாளிலேயே அடைபட்டுவிடும்.

கொலை முறையைத் தேடும்போது இடத்தைக் கேளுங்கள். உதாரண எஸ்டேட்டில் மூத்த அண்ணன் அலுவலக அறையில் தலையில் அடிபட்டு இறந்து கிடக்கிறார். ஜன்னலுக்குக் கம்பி. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். தவறி விழுந்து மேசை முனையில் அடிபட்டார் என்று முடிவாகிறது.

பூட்டிய அறைப் புதிரைச் சாவி, நூல், காந்தம் என்று வித்தை காட்டி அவிழ்ப்பவர்கள் உண்டு. இங்கே வித்தை வேண்டாம். டிசம்பர் ஈரத்தில் பழைய மரக்கதவு ஊதிச் சட்டத்தோடு இறுகிவிடும். வேலையாள் தள்ளிப் பார்க்கிறார், திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற இளைய தம்பி “உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்” என்கிறார். அந்தக் கணத்திலிருந்து அது எல்லாருக்கும் உண்மையாகிவிடுகிறது. கடப்பாரை வைத்துக் கதவைப் பெயர்க்கிறார்கள். தாழிட்டிருந்த கதவைப் பெயர்த்தால் தாழ்ப்பாளின் கொண்டி பிய்ந்திருக்க வேண்டும், திருகாணிகள் கழன்றிருக்க வேண்டும். ஆனால் கொண்டி அப்படியே இருக்கிறது. இந்த ஒரு வரியை உடல் கிடக்கும் காட்சியிலேயே எழுதிவிடுங்கள். வாசகர் பிணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், கொண்டியைப் பார்க்கமாட்டார். மார்ச்சில், காப்பி பூத்திருக்கும் நாளில், துப்பறிபவர் மீண்டும் அந்தப் பங்களாவுக்கு வருகிறார். சரிசெய்து மாட்டிய அதே கதவு, வெயிலில் காய்ந்து, ஒரு விரலால் தள்ளியதும் திறந்துகொள்கிறது.

கடலோர ஊரில் எழுதினால் இந்த வேலையை உப்பும் துருவும் செய்யும். இங்கே மலையின் ஈரம் செய்கிறது. இடத்தை மாற்றினால் புதிர் நிற்கக் கூடாது. அந்த அளவுக்கு அது மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும்.

நான்காம் படி: தடயங்களை வேலைக்குள் ஒளியுங்கள்

எஸ்டேட்டின் அன்றாடத்தைத் தெரிந்துகொண்டால் தடயங்கள் தாமாகவே கிடைக்கும். பறித்த பழத்தைக் கூடிய மட்டும் அன்றே பல்ப்பரில் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) போட வேண்டும். விட்டால் புளித்துத் தரம் கெட்டுவிடும். ஆகவே அறுவடை நாட்களில் மாலைக்குமேல் பல்ப்பர் ஓடும். அந்தச் சத்தத்தில் ஓர் அலறல் காணாமல் போகலாம். பல்ப்பர் எத்தனை மணிக்கு நின்றது என்பதே கொலை நேரத்தின் ஓர் எல்லையாகிவிடும். பழம் பறித்தவர்களின் எடை நோட்டும், ஆள் கணக்கு எழுதும் செக்ரோலும் இருக்கின்றன. யார் அன்று வேலைக்கு வந்தார், யார் பாதியில் போனார் என்பதற்கு இவற்றைவிட நம்பகமான சாட்சி இல்லை. யாரோ செக்ரோலில் ஒரு பெயரைப் பின்னால் சேர்த்திருந்தால் அது இன்னும் நல்ல சாட்சி.

கழுவிய பார்ச்மெண்ட் காப்பியை (மெல்லிய உள்தோல் நீங்காத கொட்டை) களத்தில் பல நாள் காயவைப்பார்கள். இரவில் பனி இறங்காமலிருக்கத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். காலையில் களத்தின் ஒரு மூலையில் மட்டும் காப்பி ஈரமாகக் கிடக்கிறது. மேஸ்திரி வேலையாட்களைத் திட்டுகிறார். வாசகர் அதை ஊர்ச் சூழல் என்று நினைத்துக் கடந்துவிடுவார். அந்தத் தார்ப்பாய் இரவு வேறெதற்கோ போயிருக்கிறது என்பது எண்பது பக்கம் கழித்துப் புரிய வேண்டும்.

பனி அடர்ந்த இரவில் சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும், மழையே பெய்யாமல். அடியில் நிறுத்திய வண்டி நகர்ந்த பிறகு அதன் கீழே நிலம் காய்ந்திருந்தால், அது எப்போதிலிருந்து அங்கே நின்றது என்று கணக்குப் போடலாம்.

எஸ்டேட்டில் விஷம் நிறைய இருக்கிறதே என்று மயில்துத்தத்தை நாடுபவர்கள் கவனிக்க வேண்டும். இலைத்துரு நோய்க்குத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது உண்மைதான். ஆனால் துத்தம் பளிச்சென்ற நீலம், நாக்கில் வைக்க முடியாத சுவை, குடித்தால் வாந்தி. ஒருவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்தார்கள் என்று எழுதினால் மலைக்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

தடயத்தை ஒளிப்பதற்கு எனக்குப் பிடித்த வழி, அதற்கு அடுத்த வரியிலேயே வாசகரின் மனத்தை உலுக்கும் ஏதாவது நடக்கும்படி செய்வது. அண்ணி அழத் தொடங்கும் நொடிக்கு முந்தைய வரியில் கொண்டியைச் சொல்லுங்கள். முக்கியத் தடயம் ஒவ்வொன்றும் முடிச்சு அவிழ்வதற்குமுன் குறைந்தது இரண்டு முறை கண்ணில் பட வேண்டும். ஒரே ஒரு முறை காட்டிவிட்டுக் கடைசியில் எடுத்து நீட்டினால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அவர் கோபம் நியாயமானது.

ஐந்தாம் படி: மனிதர்கள்

சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்தாறு பேர் போதும். தம்பி, தங்கை, தங்கையின் கணவர், பழைய கூட்டாளியின் மகன் (சேலம் லீ பஜாரில் கடை வைத்திருக்கட்டும்), ரிசார்ட் தரகர், ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர் (கணக்கு எழுதுபவர்). ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் கொடுங்கள். ஆனால் கொலைகாரரைத் தவிர மற்றவர்களின் பொய்க்குப் பின்னால் வெட்கமோ பாசமோ கடனோ இருக்க வேண்டும். ரைட்டர் அந்தக் காலத்து இரட்டைப் பேரேட்டைத் தன் கையால் எழுதியவர்; செத்துப்போன முதலாளியின் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறார். இந்த நாவலின் இதயம் அவர்தான் என்று நான் நினைக்கிறேன். கொலைகாரரைவிட அவரை உருவாக்க அதிக நேரம் செலவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையின் சொந்தக்காரர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அவர்களை மந்திரம், சாபம், இருட்டில் தெரியும் உருவம் என்று பயம் காட்டப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம், அநீதியும்கூட. உங்கள் நாவலில் அவர்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் ஓட்டுநராகவும் ஊராட்சித் தலைவராகவும் வரட்டும். மலையின் பனியையும் மண்ணையும் சரியாக வாசிக்கத் தெரிந்த சாட்சி அங்கிருந்துதான் வருவார்.

துப்பறிபவர் யார்? நம் ஊரில் கொலை வழக்கைத் தனியார் துப்பறிவாளரிடம் யாரும் கொடுப்பதில்லை. சேலம் அம்மாபேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, மலைக்கு மாற்றலாகி வந்த பெண் உதவி ஆய்வாளர் ஒருவரை வைக்கலாம். கொலை வழக்கை ஆய்வாளர் விசாரிப்பார், இவர் துணை நிற்பார். மேலதிகாரி விபத்து என்று மூட நினைப்பதும் இவர் விடாததும் கதைக்கு இழுவிசை தரும். குளிருக்கும் மலைக்கும் இவர் புதியவர் என்பதால் வாசகருக்கு விளக்க வேண்டியதை இவருக்கு விளக்கினால் போதும்.

பேச்சில் சேலத்து வாடை வேண்டும், ஆனால் ஒவ்வொரு வரியிலும் அல்ல. வேலையாள் சொல்வதைப் பாருங்கள்:

“கதவு தெறக்கலீங்க மேடம். தள்ளித் தள்ளிப் பாத்தேன். உள்ளார தாப்பா போட்டிருக்குதுன்னு சின்ன முதலாளி சொன்னாருங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்கீங்க பாத்தேன். அவருதானே சொன்னாரு.”

கொலைகாரரான இளைய தம்பியின் பெயர் (சின்ன முதலாளி) இங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் வட்டார வழக்கின் இயல்பில் அது வெறும் பேச்சாகப் போய்விடும். சாதாரணப் பேச்சுக்குள் இப்படிப் புதைத்தால் தடயம் பத்திரமாக இருக்கும்.

ஆறாம் படி: சட்டமும் உடலும்

இங்கே சுருக்கமாகப் போகலாம், தவறு மட்டும் கூடாது. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கதையானால் சந்தேக மரணம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் பதிவாகும். கொலையென்று தெரிந்ததும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவுக்கு மாறும். அதற்கு முந்தைய கதையானால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. உடலைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாக வைக்கலாம். ஏற்காடு மாவட்டக் காவல்துறையின் கீழ் வருகிறது. சேலம் மாநகரத்துக்குத் தனி ஆணையர். மலையிலிருந்து நகரத்துக்குள் விசாரணை இறங்கும்போது இந்த எல்லைப் பிரச்சினை நல்ல உரசலைத் தரும்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாக நிற்காது. அதனால் “ஆமாம், நான்தான் கொன்றேன்” என்று அவர் ஆய்வாளர்முன் கதறுவதோடு நாவலை முடித்தால் வழக்கு நிலைக்காது. கொண்டி, தார்ப்பாய், செக்ரோல் மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும்.

இறந்த நேரத்தை எந்த மருத்துவரும் நிமிடக் கணக்கில் சொல்லமாட்டார். உடல் விறைப்பு பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் தொடங்குகிறது. குளிரில் தாமதமாகும், நீடிக்கும். மலையின் டிசம்பர் இரவு அந்தக் கணக்கைக் குழப்பும். அந்த இடைவெளிக்குள்தான் உங்கள் கொலைகாரரின் பொய் வாழும்.

ஏழாம் படி: பனியை எழுதுவது

பனியை வருணிக்கும் பத்திகளுக்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் பனியால் யாரோ ஒருவர் எதையோ தவறாகப் பார்க்க வேண்டும், அல்லது பார்க்காமல் விட வேண்டும். “வெண்பனி போர்வையாய்ப் படர்ந்தது” போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக வீட்டுக்குள் வாருங்கள். தீக்குச்சி பற்ற மறுக்கிறது. உப்பு ஜாடியில் உப்பு கசிந்திருக்கிறது. அப்பாவின் தோல் செருப்பில் பச்சைப் பூசணம். பேரேட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, இரண்டு பக்கங்கள் மட்டும் எளிதாகப் பிரிகின்றன. அண்மையில் யாரோ அவற்றைப் பிரித்திருக்கிறார்கள் என்பது அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

வாசனையும் வேண்டும். பல்ப்பர் தொட்டியில் புளிக்கும் காப்பித் தோலின் நெடி, ஈரவிறகுப் புகை, மிளகுக் கொடியின் காரம். இரவில் சீமாட்டி இருக்கை (லேடீஸ் சீட்) என்ற காட்சிமுனையிலிருந்து பார்த்தால் கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். பனி மூடிய இரவில் அந்த விளக்குகள் தெரியாது. “அங்கே நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று தங்கையின் கணவர் சொன்னால், அவர் அங்கே போகவே இல்லை.

எட்டாம் படி: வரைவு

நாற்பதாயிரம் சொல் அளவில் முதல் வரைவை நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் சூழல் தொங்கத் தொடங்கும். முதல் கால்பாகத்தில் இடம், குடும்பம், உடல். நடுப்பகுதியில் விபத்து என்ற முடிவு ஆட்டம் காண வேண்டும், இரண்டாவது ஆபத்து வர வேண்டும் (ரைட்டர் தாக்கப்படட்டும், சாக வேண்டாம்). கடைசிக் கால்பாகம் மார்ச்சில், பூக்கும் மலையில். அத்தியாயம் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியை மூடி இன்னொன்றைத் திறக்கட்டும். உண்மையான எஸ்டேட்டின் பெயரையோ, அடையாளம் தெரியும் குடும்பத்தையோ பயன்படுத்தாதீர்கள். ஏரியும் கோயிலும் வளைவுகளும் உண்மையாக இருக்கலாம், எஸ்டேட் கற்பனையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: மூன்று வாசகர்கள்

வரைவைத் திருத்தியபின் மூவரிடம் கொடுங்கள். மலையில் வாழ்பவர் ஒருவர், வழக்கறிஞரோ ஓய்வுபெற்ற காவலரோ ஒருவர், மர்ம நாவல் பைத்தியம் ஒருவர். மூன்றாமவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, யார்மேல் சந்தேகம் வருகிறதோ அந்தப் பக்க ஓரத்தில் பெயரை எழுதச் சொல்லுங்கள். நூறாவது பக்கத்துக்குமுன்னால் சின்ன முதலாளியின் பெயர் நிலைத்துவிட்டால் தடயங்களை நீக்க வேண்டாம். லீ பஜார்க்காரரின் காரணத்தை இன்னும் வலுவாக்குங்கள். அவர் அன்றிரவு குப்பனூர் பாதையில் எதற்காகப் போனார் என்பதற்கு ஓர் அத்தியாயம் கூடுதலாக எழுதுங்கள். முடிவு தெரிந்தபிறகும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லையென்றால் மூன்றாம் படியின் தாளுக்குத் திரும்பி, அந்த இரவின் மணிக்கணக்கை மீண்டும் சரிபாருங்கள்.